கணக்கு க்ளாஸ் ரூல் என்னன்னு ஜூன் மாசமே சொல்லிடுங்க: ஒம்போதாவது, பத்தாவதுக்கு இயற்கணிதம் எடுக்குற சார், டீச்சர் எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் டீச்சர்.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஊர்ல வீட்லயே சாயந்திரம் டியூஷன் எடுக்குறேன், கணக்கு மட்டும்தான், எட்டாவதுலருந்து பத்தாவது வரைக்கும். எங்கிட்ட வர்ற பிள்ளைங்க எல்லாம் ஒரே ஸ்கூல் கிடையாது, கவர்ன்மெண்ட் ஹைஸ்கூல், எய்டட், மெட்ரிக்னு கலந்து வருவாங்க, நிறைய பேரோட அம்மா ஷூ கம்பெனிக்குப் போறவங்க, காலைல கம்பெனி பஸ் ஏறுனா இருட்டுனப்புறம்தான் வீடு. அதனால பிள்ளைக்கு ஸ்கூல்ல கணக்கு க்ளாஸ் எப்படி போகுதுன்னு வீட்ல கேக்க ஆளில்ல, எங்கிட்டதான் சொல்லுவாங்க. அப்படிக் கேட்டு கேட்டு சேர்ந்ததைத்தான் இங்க எழுதுறேன். உங்க மேல குறை சொல்லணும்னு இல்ல, இந்தப் பிள்ளைங்களுக்காக ஒண்ணு கேக்கணும்.

எல்லாருக்கும் ஒரே சமச்சீர் புத்தகம், ஒரே பப்ளிக், ஆனா க்ளாஸ் ரூல் மட்டும் ஆளுக்கு ஒண்ணு. ஒரு க்ளாஸ்ல 'தீர்வு' னு எழுதி அடிக்கோடு போடலன்னா அரை மார்க் கட், இன்னொரு க்ளாஸ்ல ஹோம் வொர்க் முடிக்காதவன் வராண்டாவுல, ஒரு எடத்துல ஸ்லிப் டெஸ்ட்ல தப்பு போன கணக்கை பத்து தடவ இம்போசிஷன், இன்னொரு எடத்துல ரஃப் நோட்டே வச்சுக்கக் கூடாது எல்லாம் ஃபேர் நோட்லதான். சரி, ரூல் இருக்கட்டும், ரூல் இல்லாம நாப்பது பிள்ளைங்கள வச்சு க்ளாஸ் எடுக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா இந்த ரூல் எல்லாம் பிள்ளைக்கு எப்ப தெரியுதுன்னா, அதை மீறி திட்டு வாங்கும்போதுதான் தெரியுது. அம்மா அப்பாவுக்கு அதுகூட தெரியறதில்ல, காலாண்டு மார்க் வந்து கையெழுத்து கேக்கும்போதுதான் தெரியுது, அதுக்குள்ள அவன் கணக்கை விட்டு ரொம்ப தூரம் போயிடுறான்.

நான் கேக்குறது இதுதான். ஜூன்ல ஸ்கூல் தொறந்த மொத வாரமே, பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, உங்க க்ளாஸ் எப்படி நடக்கும், பிள்ளைகிட்ட என்ன எதிர்பாக்குறீங்க, பிள்ளை உங்ககிட்ட என்ன எதிர்பாக்கலாம்னு ஒரே ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்துடுங்க. தமிழ்ல எழுதுங்க, இங்க்லீஷ் மீடியமா இருந்தாலும் வீட்டுக்குப் போறது தமிழ்ல இருக்கட்டும், அப்பதான் அம்மா படிப்பாங்க. அதுல என்ன இருக்கணும்னு எனக்கு சில அபிப்பிராயம் இருக்கு, அதைத்தான் கீழ சொல்றேன்.

மொதல்ல டெஸ்ட் மார்க் விஷயம். பத்தாவது கணக்குப் பேப்பர் மொத்தம் 100ம் பப்ளிக்லதான், சயின்ஸ் மாதிரி ப்ராக்டிகலுக்குன்னு 25 தனியா கிடையாது. அப்போ ஸ்லிப் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன்னு வருஷம் முழுக்க நீங்க போடுற மார்க் எதுவும் பப்ளிக் மார்க்கோட சேரப் போறதில்ல. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பெரிய சுதந்திரம் அது! பிள்ளை எந்த எடத்துல தடுமாறுதுன்னு பாக்குறதுக்கு மட்டும்தான் அந்த மார்க். அப்ப அந்த மார்க்கை க்ளாஸ்ல சத்தமா படிச்சு, கம்மி மார்க்ல ஆரம்பிச்சு பேர் சொல்லிக் கூப்பிட்டு பேப்பர் குடுக்குறதால என்ன கெடைக்குது? அடுத்த டெஸ்ட் அன்னைக்கு அந்தப் பிள்ளை லீவு போடுது, அவ்வளவுதான் நடக்குது, நான் கண்ணால பாக்குறேன். வயித்து வலின்னு வீட்ல சொல்லிட்டு சாயந்திரம் எங்கிட்ட மட்டும் வரும், கேட்டா தலையைக் குனிஞ்சுக்கும்.

அதனால ரீடெஸ்ட்னு ஒண்ணை ரூலாவே வைங்க. அதே மாடல், வேற நம்பர், ஒரு வாரத்துக்குள்ள எழுதலாம், எது அதிகமோ அந்த மார்க்கை எடுத்துக்கலாம்னு சொல்லிப் பாருங்க. ஆனா சும்மா வந்து எழுத விடாதீங்க. மொதல் பேப்பர்ல எங்க தப்பு வந்துச்சுன்னு அவனே ஒரு வரி எழுதிக் குடுத்தாத்தான் ரீடெஸ்ட். 'அடைப்புக்குறிக்கு முன்னாடி இருந்த மைனஸை ரெண்டாவது உறுப்புக்குப் போடாம விட்டுட்டேன்' னு ஒரு பிள்ளை தானா கண்டுபிடிச்சு எழுதுறது இருக்கே, அது பத்து இம்போசிஷனுக்கு மேல. இம்போசிஷன் எழுதுற பிள்ளை அஞ்சாவது தடவை எழுதும்போது டிவி பாத்துகிட்டே எழுதும், சில நேரம் மொதல் தடவை எழுதும்போது வந்த தப்பையே பத்து தடவையும் எழுதி வச்சிருக்கும்.

அடுத்தது, எந்த முறையில போட்டாலும் மார்க் உண்டுங்கறது. இது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு. போன வருஷம் ஒரு பிள்ளை மூணு மாறி உள்ள சமன்பாட்டுக் கணக்கை ஒய்யை மொதல்ல நீக்கிப் போட்டிருந்தா, விடை மூணும் கரெக்ட், ஒவ்வொரு வரியும் கரெக்ட், ஆனா போர்டுல இஸட்டைத்தானே மொதல்ல நீக்கிக் காட்டினேன்னு அந்தக் கணக்கு மேல குறுக்குக் கோடு, அஞ்சுக்கு ரெண்டு. அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் எந்தக் கணக்கு எடுத்தாலும் மொதல்ல எங்கிட்ட கேக்குறது "மிஸ், இதை எப்படிப் போட்டா சார் ஒத்துக்குவாரு?". கணக்கைப் பாத்து யோசிக்கறதை நிறுத்திட்டு, திருத்துறவங்க மனசை யோசிக்க ஆரம்பிச்சுட்டா.

உங்கள்ல நிறைய பேர் பப்ளிக் பேப்பர் திருத்துற கேம்ப்புக்குப் போறவங்க, உங்களுக்கே தெரியும், கணக்கு கீ ஆன்சர் மேல பொதுக் குறிப்புன்னு ஒண்ணு இருக்கும். புத்தகத்துல இருக்குற முறையில போடாம வேற சரியான முறையில போட்டிருந்தாலும் முழு மார்க் உண்டு. விடை சரியா இருந்தா நேரா முழு மார்க்கும் போட்டுடலாம், படிக்குப் படி மார்க்குங்கறது எங்கயாவது தப்பு வந்திருந்தாத்தான் தேவை. ஃபார்முலா எழுதாம சரியாப் போட்ட பிள்ளைக்கு அதனால மார்க் குறையக் கூடாது, படி தப்பாயிருந்தாலும் ஃபார்முலா சரியா எழுதியிருந்தா நட்சத்திரக் குறி போட்ட எடத்துல அதுக்கு ஒரு மார்க் உண்டு. எவ்வளவு அன்பா யோசிச்சு எழுதியிருக்காங்க பாருங்க! கேம்ப்புல முகம் தெரியாத பிள்ளைக்கு இப்படித் திருத்துற நீங்களே, தினமும் முன்னாடி உக்காந்திருக்குற பிள்ளைக்கு ஏன் அதைவிட கறாரா திருத்தணும்? அந்தக் குறிப்பைத் தமிழ்ல நாலு வரியா எழுதி க்ளாஸ் செவுத்துல ஒட்டுங்க. கேள்வியிலயே 'சூத்திர முறையில் தீர்க்க', 'வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்க' ன்னு இருந்தா அது வேற, அந்த முறையிலதான் போடணும், அதையும் எழுதி ஒட்டுங்க.

இப்ப நோட்டு. நோட் கரெக்‌ஷனுக்கு மேலருந்து ஆள் வந்து பாப்பாங்க, அழகா இருக்கணும், எல்லாம் டிக் விழுந்திருக்கணும்னு உங்களுக்கு ஒரு பயம் இருக்கு, அது நியாயமான பயம்தான். ஆனா அதனால என்ன ஆகுதுன்னா பிள்ளைங்க போர்டைப் பாத்து எழுதுறதுதான் கணக்குன்னு நெனச்சுக்குது. எங்கிட்ட வர்ற சில நோட்டைப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம், ரெண்டு கலர் பேனா, ஸ்கேல் வச்சு மார்ஜின், ஒரு தப்பு கிடையாது. அதே கணக்கை மூடி வச்சுட்டுப் போடச் சொன்னா ரெண்டாவது வரியில நின்னுடும்.

ஒரு உதாரணம் சொல்றேன், இது ஒரு பையன் ரஃப் பேப்பர்ல போட்டது. விகிதமுறு கோவை சுருக்கற கணக்கு. மேல எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 5எக்ஸ் ப்ளஸ் 6, கீழ எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 3எக்ஸ் ப்ளஸ் 2. அவன் மேல இருக்குற எக்ஸ் ஸ்கொயரையும் கீழ இருக்குற எக்ஸ் ஸ்கொயரையும் அடிச்சான், அப்புறம் 5எக்ஸ்ல இருக்குற எக்ஸையும் 3எக்ஸ்ல இருக்குற எக்ஸையும் அடிச்சான், மேல 11, கீழ 5, விடை பதினொண்ணு பை அஞ்சு. முகத்துல ஒரு சந்தேகமும் இல்ல. நான் தப்புன்னு சொல்லல, எக்ஸுக்கு 1 போட்டு மேல எவ்வளவு கீழ எவ்வளவுன்னு பாருடான்னேன். மேல 12, கீழ 6, அப்ப 2 வருது. "உன் விடை?" ன்னேன். கொஞ்ச நேரம் பேப்பரையே பாத்துட்டு "அப்ப அடிக்கக் கூடாதா மிஸ்?" ன்னான். பெருக்கல்ல இருந்தாத்தான் அடிக்க முடியும், கூட்டல்ல இருக்குறதை அடிக்க முடியாதுங்கறது அவனுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அதுக்கப்புறம் அவனாவே எக்ஸ் ப்ளஸ் 2ஐ வெளிய எடுத்து எக்ஸ் ப்ளஸ் 3 பை எக்ஸ் ப்ளஸ் 1னு கொண்டு வந்து, மறுபடி 1 போட்டுப் பாத்து, 4 பை 2, ரெண்டு வருதுன்னு சிரிச்சான். அவனோட ஃபேர் நோட்ல இதே கணக்கு அழகா, சரியா, டிக் போட்டு இருக்கு. அந்த டிக்கைப் பாத்து உங்களுக்கு எப்படித் தெரியும் அவனுக்கு இது தெரியலன்னு?

அதனால தப்பை அழிக்கக் கூடாதுன்னு ஒரு ரூல் போடுங்க. ரப்பர் வேணாம், வைட்னர் வேணாம். தப்பு வந்த வரி மேல ஒத்தைக் கோடு, பக்கத்துல சரியானது. மேலருந்து பாக்க வர்றவங்ககிட்ட ஹெச்.எம்மை விட்டு சொல்லச் சொல்லுங்க, இது எங்க க்ளாஸ் முறை, பிள்ளை எங்க திரும்பிச்சுன்னு தெரியறதுக்காக இப்படி வச்சிருக்கோம்னு. நோட்டுக்கு மார்க் குடுக்கறதா இருந்தா அழகுக்குக் குடுக்காதீங்க, தானா கண்டுபிடிச்ச தப்புக்குக் குடுங்க.

இன்னொரு விஷயமும் நீங்க மறந்திடக் கூடாதுன்னு கேட்டுக்குறேன். 2026 ஜூன்ல பத்தாவதுல வந்து உக்காரப் போற பிள்ளைங்க யாருன்னு பாத்தா, 2020 மார்ச்ல ஸ்கூல் மூடும்போது மூணாவது படிச்சவங்க. ஒண்ணுலருந்து எட்டாவது வரைக்கும் ஸ்கூல் திரும்ப தொறந்தது 2021 நவம்பர் 1. நாலாவது முழுக்க வீட்ல, அஞ்சாவதுல பாதி வீட்ல. போன் இருந்த வீட்ல ஆன்லைன், இல்லாத வீட்ல கல்வி டிவி, அதுவும் ஓடாத வீடு எத்தனையோ. வகுத்தல், பின்னம்லாம் ஊனிக்கிற வயசு அதுதான். இல்லம் தேடிக் கல்வியில தெருவுல உக்கார வச்சு சொல்லிக் குடுத்த அக்காங்க எவ்வளவோ பண்ணாங்க, அவங்களுக்கு நான் தலை வணங்குறேன், ஆனா அது எல்லாத்தையும் அடைச்சிடல. பின்னம் தெரியாத பிள்ளைக்கு விகிதமுறு கோவை எப்படி வரும்? மைனஸை மைனஸால பெருக்கத் தெரியாத பிள்ளை தொகுமுறை வகுத்தல்ல ஒவ்வொரு கட்டத்துலயும் விழும். 'இதெல்லாம் கீழ் க்ளாஸ்லயே படிச்சிருக்கணும்' னு சொல்ற ஒரு வாக்கியம் இருக்கு பாருங்க, அதை மட்டும் இந்த பேட்ச்கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ். படிக்காதது அவங்க தப்பில்ல.

மொத ரெண்டு வாரம் பாடத்தை ஓட்டாம, பின்னம், மைனஸ், அடைப்புக்குறி, ஒரு மாறி சமன்பாடு இது நாலையும் ஒரு சின்ன டெஸ்ட் வச்சுப் பாத்துட்டு, யாருக்கு எது வேணுமோ அதைக் குடுத்துட்டு ஆரம்பிங்க. போர்ஷன் முடியாதுன்னு சொல்வீங்க. இந்த ரெண்டு வாரத்தை விட்டுட்டு ஓடுனா ஜனவரில ரிவிஷன் டைம்ல அதே மைனஸ்ல வந்து நிப்பீங்க, அப்ப பிள்ளைக்கும் பயம் உங்களுக்கும் பயம்.

எப்படி ஆரம்பிக்கறதுங்கறதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பெரியவர் வழி காட்டியிருக்காரு. சென்னை முத்தியால்பேட்டை ஸ்கூல்ல கணக்கு சாரா இருந்த பி.கே.ஸ்ரீனிவாசன் சார், ராயபுரத்துல ராமானுஜன் மியூசியம் வர்றதுக்குக் காரணமானவர், 2005ல காலமாயிட்டாரு. இயற்கணிதத்தை ஃபார்முலாவுல ஆரம்பிக்காம கோலம், டிசைன், வரிசை இப்படி கண்ணுக்குத் தெரியற அமைப்புலருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லி, அப்படியே நடத்தியும் காட்டினவர். நான் அந்த வழியில எடுக்குறது தீக்குச்சி கட்டம். நாலு குச்சில ஒரு கட்டம், பக்கத்துலயே ஒட்டுன மாதிரி இன்னொரு கட்டம் போட்டா ஏழு குச்சி, மூணு கட்டத்துக்குப் பத்து. 'என்' (n) எண்ணிக்கை கட்டத்துக்கு எத்தனை குச்சின்னு கேட்டா பிள்ளைங்க விதவிதமா சொல்லும். ஒண்ணு, மொதல்ல ஒரு குச்சி நிக்க வச்சுட்டு கட்டத்துக்கு மூணு மூணா சேர்க்கும், 3என் ப்ளஸ் 1. இன்னொண்ணு, மொத கட்டத்துக்கு நாலு, மிச்ச கட்டத்துக்கு மூணு மூணுன்னு எண்ணும், 4 ப்ளஸ் 3 இன்ட்டு (என் மைனஸ் 1). இன்னொரு பிள்ளை மேல் வரிசை என், கீழ் வரிசை என், நிக்கிற குச்சி என் ப்ளஸ் 1னு தனித்தனியா எண்ணிட்டு வரும். மூணும் ஒண்ணா வேற வேறயான்னு கேட்டா க்ளாஸ்ல சண்டையே வரும். அப்ப அடைப்புக்குறியை எடுத்துச் சுருக்கிக் காட்டுனா மூணும் 3என் ப்ளஸ் 1ல வந்து நிக்கும். எதுக்குச் சுருக்கணும்னு அன்னைக்கு அவங்களுக்கே வெளங்கிடுது. தீப்பெட்டி வெலை ரெண்டு ரூபா, ஒரு பீரியட் போதும்.

ஹோம் வொர்க் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஒரு பயிற்சி முழுக்க போட்டுட்டு வான்னா கைடைப் பாத்து எழுதிட்டு வருவாங்க, இப்ப கைடுகூட வேணாம், போன்ல போட்டோ எடுத்தா போதும் ஒவ்வொரு வரியா விடை வந்துடுது. இதைத் தடுக்க முடியாது, தடுக்குறேன்னு எறங்குனா பொய்தான் வளரும். அதுக்கு பதிலா நாலு கணக்கு மட்டும் குடுங்க, எதைப் பாத்து வேணா சரி பாத்துக்கோ, ஆனா நாளைக்கு நான் ஒரு ஆளைக் கூப்பிட்டு இந்த வரிக்கு அடுத்த வரி எப்படி வந்துச்சுன்னு கேப்பேன், சொல்லணும்னு ரூல் வைங்க. முடிக்கலன்னா எங்க நின்னுச்சோ அந்த எடம் வரைக்கும் எழுதிட்டு வந்து காட்டணும், வெத்து நோட்டு ஒத்துக்க மாட்டேன்னு கறாரா சொல்லுங்க. வெளிய நிக்க வைக்காதீங்க. கணக்கு வராத பிள்ளைதான் ஹோம் வொர்க் முடிக்காம வரும், அதைக் கணக்கு க்ளாஸை விட்டு வெளிய அனுப்புனா அன்னைக்குப் பாடமும் போச்சே! கல்வி உரிமைச் சட்டம் 2009ல 17ஆவது பிரிவு, அடிக்கிறது மட்டும் இல்ல, மனசை நோகடிக்கிறதும் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. அந்தச் சட்டம் பதினாலு வயசு வரைக்கும்தான்னு சொல்லலாம், பதினஞ்சாவது பொறந்த நாள் அன்னைக்கு அவமானம் உறைக்காம போயிடுமா?

இப்ப எனக்கு ரொம்பக் கவலையா இருக்குற விஷயத்துக்கு வர்றேன். அரையாண்டு முடிஞ்சதும் கணக்கு வராத பிள்ளைங்களைத் தனியா பிரிச்சு மினிமம் மெட்டீரியல் குடுக்குறீங்க. ஜாமெட்ரில 8, கிராஃப்ல 8, புக் பேக் ஒன் வேர்ட் மனப்பாடம், உறவுகளும் சார்புகளும் பாடத்துல ரெண்டு மூணு கணக்கு, 35 வந்துடும், இயற்கணிதம் பாடத்தைத் தொடாதேன்னு. இதுக்குப் பின்னாடி இருக்குற அக்கறை எனக்குப் புரியுது. எங்க பக்கம் பத்தாவது ஃபெயில்னா பொம்பளைப் பிள்ளைக்கு அடுத்த மாசமே மாப்ளை பாக்க ஆரம்பிக்கிற வீடு இருக்கு, பையன்னா டேனரிக்கோ கட்டட வேலைக்கோ போயிடுவான். 35 மார்க் ஒரு பிள்ளையோட வாழ்க்கையவே மாத்துது, அதை எடுத்துக் குடுக்குற டீச்சருக்குக் கோடி புண்ணியம். மெட்டீரியலே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா 'இயற்கணிதத்தைத் தொடாதே' ங்கறது மட்டும் வேணாம். அந்தப் பிள்ளை பாலிடெக்னிக் போனா மொத செமஸ்டர்லயே கணக்கு வரும், ஐடிஐ போனா ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் வரும், அங்க எக்ஸைப் பாத்தா பயந்து ஓடும். அதோட நீங்க விடாம போடச் சொல்ற அந்த 8 மார்க் கிராஃபே இயற்கணிதம்தானே? ஒய் இக்வல் டு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4எக்ஸ் ப்ளஸ் 3 வரையணும்னு வைங்க. அட்டவணைல எக்ஸ் இக்வல் டு மைனஸ் 1னு வர்ற எடத்துல மைனஸ் நாலை மைனஸ் ஒண்ணால பெருக்குனா ப்ளஸ் 4, ஒய் 8 வரணும். பிள்ளை 1 மைனஸ் 4 ப்ளஸ் 3, சைபர்னு போடும். மைனஸ் 2க்கு 15 வரணும், அது மைனஸ் 1னு போடும். புள்ளி எல்லாம் வச்சு இணைச்சா, எக்ஸ் சைபர் வரைக்கும் மேல ஏறி, அப்புறம் கீழ எறங்கி, மறுபடி ஏறி, அலை அலையா ஒரு கோடு வரும். இருபடிக் கோடு ஒரே ஒரு தடவைதான் திரும்பும்னு அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருந்தா, படத்தைப் பாத்ததுமே எங்கயோ தப்புன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கும், அட்டவணைக்குத் திரும்பிப் போயிருக்கும். படியை மட்டும் மனப்பாடம் பண்ணச் சொன்னதால அலையை வரைஞ்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுது. மெல்லக் கற்கும் பிள்ளைன்னு பிரிச்சு வச்சவங்களுக்குத்தான் ஏன் எதுக்குன்னு கூடுதலா சொல்லணும், அவங்ககிட்டதான் நாம அதைக் கம்மியா சொல்றோம்.

அந்த ஒரு பக்கத்துல, மினிமம் மெட்டீரியல் பிள்ளைங்களுக்கும் இருபடிச் சமன்பாடு காரணிப்படுத்தித் தீர்க்கறதும், விடையைத் திரும்ப சமன்பாட்டுல போட்டுச் சரி பாக்குறதும் கட்டாயம் உண்டுன்னு எழுதுங்க. ரெண்டு மார்க், அஞ்சு மார்க் எல்லாத்துலயும் அது கை குடுக்கும். சென்டம் வாங்குற பிள்ளைங்களுக்கும் இதே ரூல்தான் வேணும். 28ஆவது, 42ஆவது கம்பல்சரி கேள்வில புத்தகத்துல இல்லாத கணக்கு வந்தா கைடு மனப்பாடம் பண்ண பிள்ளைதான் அங்க ஆடிப் போகுது.

பி.இ.டி. பீரியடைத் திருப்பிக் குடுத்துடுங்க. காலைல எட்டு மணிக்கு ஸ்பெஷல் க்ளாஸ், சாயந்திரம் ஸ்பெஷல் க்ளாஸ், நடுவுல வெளையாட்டும் கணக்குன்னா எந்தப் பிள்ளைக்குக் கணக்கு பிடிக்கும்? இதுக்கு மேல இதுல சொல்ல எதுவும் இல்ல.

பிள்ளைங்க மேல கறாரா இருக்க வேண்டிய எடமும் இருக்கு, அதுல நான் உங்க பக்கம். ஜாமெட்ரி பாக்ஸ், கிராஃப் நோட்டு இல்லாம வரக் கூடாது. ஒரு வரிக்குக் கீழ ஒரு வரின்னு போகணும், ஒரே வரியில நாலு சமக்குறி போட்டு இழுக்கக் கூடாது. தினமும் அரை மணி நேரம் போனை வேற ரூம்ல வச்சுட்டு கணக்கு போடணும். விடையைச் சரி பாக்காம பேப்பர் குடுத்தா திருப்பி அனுப்புவேன்னு சொல்லுங்க, அனுப்பவும் செய்ங்க. தெரியலன்னா தெரியலன்னு கை தூக்கணும், தூக்குனவனைப் பாத்து சிரிக்கிற பிள்ளையைக் கண்டிப்பேன்னும் சொல்லுங்க. இந்த ரூலையெல்லாம் பிள்ளைங்க சந்தோஷமா ஏத்துக்கும், ஏன்னா எதுக்குன்னு அதுங்களுக்கே தெரியும்.

அம்மா அப்பாவுக்கும் அதுல மூணு வரி இருக்கட்டும். நீங்க கணக்கு சொல்லித் தர வேணாம், 'இன்னைக்கு எந்தக் கணக்குல நின்ன?' ன்னு மட்டும் தினமும் கேளுங்க, எத்தனை மார்க்னு கேக்காதீங்கன்னு எழுதுங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட மார்க்கைச் சொல்லித் திட்டாதீங்கன்னும் எழுதுங்க. ஷூ கம்பெனில ஷிஃப்ட் முடிச்சு வர்ற அம்மாவால அந்த ஒரு கேள்வியைக் கேக்க முடியும், நான் பாத்திருக்கேன், கேக்குற வீட்டுப் பிள்ளைகிட்ட வித்தியாசம் தெரியுது.

உங்க கஷ்டம் தெரியாம எழுதல. அஞ்சு செக்‌ஷன் பாடம், எமிஸ்ங்கற ஆன்லைன் பதிவேட்டுல என்ட்ரி, சைக்கிள் குடுக்கறது, எலெக்‌ஷன் வேலை, இதுக்கு நடுவுல ரீடெஸ்ட் பேப்பர் யார் திருத்துறதுன்னு கேப்பீங்க. எல்லாத்தையும் நீங்களே திருத்த வேணாம், ரீடெஸ்ட்ல பாதியை விடையைப் போர்டுல போட்டுட்டு பிள்ளைங்களையே மாத்தித் திருத்த விடலாம், திருத்தும்போது அதுங்க கத்துக்கறது அதிகம். எங்கள மாதிரி டியூஷன் எடுக்கறவங்களையும் உங்க க்ளாஸ்ல சேத்துக்குங்க, நீங்க எந்த முறையில எடுக்குறீங்க, எந்த வாரம் எந்தப் பாடம்னு தெரிஞ்சா நாங்க அதுக்கு எதிரா எதையும் சொல்லித் தராம இருப்போம். இப்ப பிள்ளை ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது.

கவர்ன்மெண்ட் ஸ்கூல் டீச்சருங்க இந்தப் பக்கத்தை ஜூன்ல பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல வச்சுப் பேசுங்க, அங்க அம்மாக்கள்தான் நிறைய இருக்காங்க, அவங்களுக்குப் புரியலன்னா எங்கன்னு சொல்லுவாங்க, மாத்திக்கலாம். எய்டட், மெட்ரிக் ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங் மொதல் டெஸ்டுக்கு அப்புறம்தான் வைக்கிறீங்க, அதைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி டெஸ்டுக்கு முந்தி வைக்க முடியுமான்னு ஹெச்.எம்கிட்ட கேளுங்க. எங்க ஊர்ப் பக்கத்துல யாராவது கூப்பிட்டா நான் வந்து உக்காந்து அந்தப் பக்கத்தை எழுத உதவி பண்றேன், மே மாசம் முழுக்க எனக்குக் காலைல நேரம் இருக்கு.

இப்படிக்கு,
உங்க பிள்ளைங்களுக்கு சாயந்திரம் கணக்கு சொல்லித் தர்ற ஒரு டியூஷன் மிஸ்